‘பார்த்து தம்பி’ என்று மட்டும் சொன்னேன்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் டிரில்லிங் மெஷினோ, கிரைண்டரோ, வெறும் அரிவாள்மனையோ வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

என்னிடம் தொழிற்கல்விப் பிரிவில் படித்த ஒரு மாணவன் இப்போது தச்சு வேலை செய்கிறான். அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் போடவில்லை. யாரென்று ஊகித்தவர்கள் கமெண்டில் எழுத வேண்டாம்.

மூன்று வருடங்களுக்கு முன் பேத்தியின் காதணி விழாவுக்காக வீட்டைச் சரிசெய்தோம். பழைய சிமெண்ட் தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டியதில் தரை முக்கால் அங்குலம் உயர்ந்துவிட்டது. நான்கு அறைக் கதவுகளும் திறக்க முடியாமல் தரையில் இடித்தன. கதவுகளைக் கழற்றி அடியில் ஒரு அங்குலம் அறுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விழா, புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவனைக் கூப்பிட்டேன். வேறு வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தான்.

முதல் கதவை ஏழு அங்குல சர்க்குலர் சா, அதாவது கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தால் அறுத்தான். பாதி தூரம் போவதற்குள் கருகல் வாடை வந்தது. அறுத்த இடம் முழுக்கக் கறுப்பாகத் தீய்ந்திருந்தது. மெஷினின் சத்தமும் கனத்து, திணறுகிற மாதிரி மாறியது. பிளேடு மழுங்கிவிட்டது என்பதற்கு இதற்கு மேல் அடையாளம் தேவையில்லை. நான் வகுப்பில் வருடா வருடம் சொல்லிக்கொடுத்த அதே அடையாளங்கள்.

“பிளேடு போயிடுச்சு சார். கடைக்குப் போய் வர ஒரு மணி நேரம் ஆகும். இதுலயே முடிச்சிடுறேன்” என்று பையிலிருந்து நான்கு அங்குல கிரைண்டரை எடுத்தான். அதில் மரம் அறுக்கும் ஐந்து அங்குலப் பல் பிளேடு மாட்டியிருந்தது. ஐந்து அங்குல பிளேடு அந்த மெஷினின் கார்டுக்குள் அடங்காது. அதனால் கார்டைக் கழற்றி எறிந்திருந்தான். நம் ஊரில் பத்துத் தச்சர்களைப் பார்த்தால் பலர் கையில் இப்படி ஒன்று இருக்கும்.

அது தவறு என்று எனக்குத் தெரியும். 31 வருடம் பிழைப்பே அதைச் சொல்லிக்கொடுப்பதுதான். ஆனால் அன்றைக்கு என் மனதில் இருந்தது வெள்ளிக்கிழமை. சமையல்காரர், பந்தல்காரர், ஊரிலிருந்து வரும் சம்பந்தி வீட்டார். கதவு இல்லாத அறைகள். அதனால் நான் சொன்னது இவ்வளவுதான்: “பார்த்து தம்பி.”

இரண்டாவது கதவு முடிந்தது. மூன்றாவது கதவில், அறுபட்ட துண்டு கீழே தொங்கி, வெட்டு வாயை மூடி, பிளேடைக் கவ்விப் பிடித்தது. அடுத்த நொடி மெஷின் பின்னால் துள்ளியது. வலது கையால் மெஷினைப் பிடித்து, இடது கையால் கதவை அழுத்திக்கொண்டிருந்தான். இடது புறங்கையின் மேல் பிளேடு போனது. மெஷின் தரையில் விழுந்து, புது டைல்ஸ் மேல் சுற்றிக்கொண்டே நகர்ந்தது. அந்த வகை மெஷினின் ஸ்விட்சை முன்னால் தள்ளிவிட்டால் கையை எடுத்தாலும் தானாக நிற்காது. நான் போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

என் மனைவி சுத்தமான வேட்டியைக் கிழித்து, காயத்தின் மேல் இறுக்கி அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் நிமிர்த்தும் நாண்கள் அறுந்திருந்தன. அன்று இரவே அறுவை சிகிச்சை. கையைக் கட்டையில் வைத்துக் கட்டி, பிறகு பயிற்சி. மூன்று மாதம் கனமான வேலை எதுவும் கூடாது என்றார்கள். தினக்கூலி வாங்குகிற வீட்டில் மூன்று மாதம் என்றால் என்ன என்பது உங்களில் பலருக்குத் தெரியும். முடிந்ததைச் செய்தேன். ஆனால் பணத்தால் நிமிர்கிற விஷயம் இல்லை அது. நடுவிரல் இன்றைக்கும் முழுதாக நிமிர்வதில்லை.

என்ன நடந்தது என்று கணக்காகவே சொல்கிறேன். வாத்தியார் புத்தி, விடாது.

நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றும். ஐந்து அங்குல பிளேடின் குறுக்களவு 125 மில்லிமீட்டர். சுற்றளவு சுமார் 39 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் பல் நுனியின் வேகம் நொடிக்கு 72 மீட்டர். மணிக்கு 259 கிலோமீட்டர். ஏழு அங்குல சர்க்குலர் சா நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்குப் பக்கத்தில்தான் சுற்றும். அதற்குக் கீழே ஒரு தட்டு உண்டு; அது மரத்தின் மேல் உட்கார்ந்து மெஷினை ஆடாமல் வைக்கும். அறுத்து முடித்ததும் தானாக மூடிக்கொள்ளும் கார்டு உண்டு. விரலை எடுத்தால் கரண்ட் நிற்கும். கிரைண்டரில் இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது.

இன்னொன்று. இரும்பு அறுக்கும் கட்டிங் வீலில் இருப்பது ஆயிரக்கணக்கான சிறு மணிகள். ஒவ்வொன்றும் துளித்துளியாகச் சுரண்டும். மரம் அறுக்கும் பிளேடில் இருப்பது பெரிய பல். ஒவ்வொரு பல்லும் ஒரு கடி கடிக்கும். கடித்த இடத்தில் மாட்டிக்கொண்டால், சுற்றுகிற சக்தி முழுவதும் மெஷினைத் தூக்கி எறிவதில் போய்விடும். கிரைண்டர் செய்தவர்கள் அதைத் தேய்க்கவும் இரும்பு அறுக்கவும் செய்தார்கள். பல் பிளேடு அதற்குரியது அல்ல.

எந்தத் தகட்டை வாங்கினாலும் அதன் முகத்தில் உச்ச வேகம் அச்சிட்டிருக்கும். உங்கள் மெஷினில் எழுதியிருக்கும் வேகத்தைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். நான்கு அங்குல கட்டிங் வீலில் 15,000க்கு மேல் போட்டிருப்பார்கள். ஏழு அங்குல வீலில் 8,500 அளவில் இருக்கும். ஓரத்தின் வேகம் இரண்டுக்கும் நொடிக்கு 80 மீட்டர்தான். தகடு பெரிதாகப் பெரிதாகச் சுற்று குறைய வேண்டும். பெரிய வீலை, “சீக்கிரம் முடியும்” என்று கார்டைக் கழற்றிச் சின்ன மெஷினில் மாட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். சில வீல்களின் நடுவளையத்தில் காலாவதி மாதமும் வருடமும்கூட இருக்கும். மருந்துச் சீட்டில் பார்ப்பதுபோல அதையும் பாருங்கள். மெல்லிய கட்டிங் வீலின் பக்கவாட்டில் எதையும் தேய்க்காதீர்கள். அது உடையும்.

ஆனால் அன்றைய விபத்தின் தொடக்கம் கிரைண்டர் அல்ல. மழுங்கின சர்க்குலர் சா பிளேடு. அது கூராக இருந்திருந்தால் அவன் கிரைண்டரை எடுத்தே இருக்க மாட்டான். என் அம்மா அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து சொல்வார்: “மொண்ணைக் கத்திதான்டா கையை வெட்டும்.” கூரான கத்தி தக்காளித் தோலில் தானாக இறங்கும். மொண்ணைக் கத்தியை நாம் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் விரல். மெஷினுக்கும் இதேதான். பல் மழுங்கினால் தள்ளுவோம். தள்ளுகிற கைக்கு நிறுத்தத் தெரியாது.

என்னிடம் படித்தவர்களுக்கு ஸ்கிரேப்பர் வேலை நினைவிருக்கும். சர்ஃபேஸ் பிளேட்டில் நீல மை தடவி, வார்ப்பிரும்புக் கட்டையை அதன் மேல் தேய்த்து எடுத்தால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த இடங்களை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டி, மறுபடி மை தடவி, மறுபடி சுரண்ட வேண்டும். “என்ன சார், காலையிலிருந்து சுரண்டுறோம், ஒண்ணுமே குறையல” என்பீர்கள். குறைவது தலைமுடியின் பருமனில் சிறு பங்குதான். அதற்கு ஸ்கிரேப்பரின் வாய் எப்போதும் கூராக இருக்க வேண்டும். கொஞ்சம் வழுக்கினாலும் உடனே எண்ணெய்க்கல்லில் தீட்டச் சொல்வேன். நுனி நேர்கோடாக இருந்தால் இரண்டு மூலையும் கோடு கிழிக்கும். அதனால் லேசான வளைவு வேண்டும் என்பேன். “தீட்டுவது வேலையை நிறுத்துவது அல்ல, தீட்டுவதும் வேலைதான்” என்று அன்று சொன்னவன், என் சொந்த வீட்டில் ஒரு மணி நேரத்துக்குப் பயந்தேன்.

டாக்டர் கனமில்லாத வேலைக்கு அனுமதி கொடுத்த பிறகு அவன் சும்மா என் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்தான். வீட்டில் உட்கார்ந்திருப்பது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. மெஷின் சத்தம் கேட்டாலே தோள் தூக்கிப் போட்டது. ஒரு நாள் பரணிலிருந்து உடைந்த பழைய கை ரம்பத்தை எடுத்து, அதிலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு செவ்வகத் துண்டை வெட்டிக் கொடுத்தேன். மரத்துக்கான ஸ்கிரேப்பர் செய்யலாம் என்றேன்.

முறை எளிது. துண்டை வைஸில் நிறுத்தி, விளிம்பை அரத்தால் நேராக, சதுரமாக ராவ வேண்டும். அரத் தடம் மறையும்வரை எண்ணெய்க்கல்லில் தேய்க்க வேண்டும். பிறகு, அந்தத் தகட்டைவிடக் கடினமான, வழவழப்பான உருண்டைக் கம்பியால் விளிம்பை அழுத்தி இழுக்க வேண்டும். நல்ல டிரில் பிட்டின் அடித்தண்டு போதும். முதலில் நேராக, பிறகு லேசாகச் சாய்த்து. அப்போது விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு கொக்கிபோல மடங்கும். வெட்டுவது அந்தக் கொக்கிதான். தகட்டை இரண்டு கட்டை விரலாலும் லேசாக வளைத்து, மரத்தில் தள்ள வேண்டும்.

முதல் நாள் அவனுக்குத் தூள்தான் வந்தது. “சுருள் வந்தால் கூர், தூள் வந்தால் மொண்ணை. தூள் வந்ததும் நிறுத்து, மறுபடி கம்பி இழு” என்றேன். மூன்றாவது நாள், வெங்காயச் சருகுபோல மெல்லிய சுருள் வந்தது. உப்புத்தாள் போட்டால்கூட வராத வழவழப்பு. நிமிராத அந்த விரல் அதற்குத் தடையாக இல்லை. அவன் முகத்தில் அன்றைக்குத்தான் பழைய சிரிப்பைப் பார்த்தேன்.

அப்போதுதான் கேட்டேன். இரண்டரை மாதம் மனதில் வைத்திருந்தது. “தம்பி, அன்னைக்கு நான் நிறுத்தச் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னுதுதான்” என்றேன்.

அவன் ஸ்கிரேப்பரைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “நீங்க சொல்லியிருந்தாலும் ‘ஒண்ணும் ஆகாது சார்’னுதான் சொல்லியிருப்பேன் சார்.” கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா நீங்க சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன். உங்க சொல்லைத் தட்டினதில்ல” என்றான்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து அவனுடைய கருவிப்பெட்டி முழுவதையும் சரிசெய்தோம். அப்போது செய்ததை உங்களுக்கும் எழுதுகிறேன். பயன்படும்.

முதல் விதி: பிளேடைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்கு. ஸ்விட்சை அணைத்தது போதாது. பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்று.

சர்க்குலர் சா பிளேடு: மரத்தின் நீளவாக்கில் அறுக்க, பல் குறைந்தது, 24 பல் போல. குறுக்கே அறுக்கவும் பிளைவுட்டுக்கும் 40, 60 பல். பல் குறைந்தால் வேகம், கூடினால் சுத்தம். பல் நுனியில் இருப்பது கார்பைடு. மிகக் கடினம், ஆனால் சிமெண்ட் தரையில் விழுந்தால் தெறிக்கும். ஒரு பல் போன பிளேடை ஓட்டக் கூடாது. கார்பைடைச் சாதாரண சாணைக்கல்லில் தீட்ட முயலாதீர்கள். வைரத்தூள் பதித்த சக்கரம் வைத்திருக்கிற கடையில் கொடுங்கள்.

மழுங்கியதாக நினைக்கிற பிளேடில் பாதி வெறும் அழுக்குதான். மரப்பிசினும் பிளைவுட் பசையும் பல்லில் ஒட்டிக் கறுத்திருக்கும். கழற்றி, அடுப்புப் பக்கம் போகாமல், மண்ணெண்ணெயில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்து, நன்றாகத் துடையுங்கள். மேலே ஒரு சொட்டு எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். அன்று என் வீட்டில் கருகின அந்த பிளேடையும் இப்படிக் கழுவிப் பார்த்தோம். கறுப்பு போனதும் பல்லைப் பார்த்தால், உண்மையிலேயே தேய்ந்திருந்தது. தூக்கிப் போட்டோம்.

ஜிக்சா: பெரும்பாலான பிளேடுகளின் பல் மேல்நோக்கி இருக்கும். மேலே வரும்போது அறுக்கும், மேல்பக்கம்தான் பிளக்கும். அதனால் அழகான பக்கத்தைக் கீழே வைத்து அறுங்கள். கையில் பிடிக்கும் சர்க்குலர் சாவுக்கும் இதேதான்.

ஹாக்சா: பல் முன்னோக்கி இருக்கட்டும். இதை இன்னும் தலைகீழாக மாட்டுகிற மாணவர்களை எனக்குத் தெரியும். கெட்டியான இரும்புக்கு அங்குலத்துக்கு 18 பல், ஆங்கிளுக்கு 24, மெல்லிய குழாய்க்கும் தகட்டுக்கும் 32. எப்போதும் குறைந்தது மூன்று பல் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பல் உடையும்.

எலெக்ட்ரிக் பிளேனர்: இரண்டு கத்தி என்றால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள், ஒரே உயரத்தில் வையுங்கள். ஒன்று உயர்ந்தால் வேலை முழுவதையும் அது மட்டும் செய்யும், மெஷின் அதிரும்.

உளி, இழைப்புளிக் கத்தி: சாணை மெஷினில் பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். சாதாரணக் கரி எஃகு நீலம் பூத்துவிட்டால் பதம் போய்விட்டது என்று பொருள். அந்த நீலப் பகுதியைத் தேய்த்து நீக்காமல் அதில் கூர் நிற்காது. வீட்டுக் கத்தியைச் சாணைக்காரரிடம் கொடுக்கும்போதும் நுனியின் நிறத்தைப் பாருங்கள்.

அறுக்கிறபோது தொங்கும் துண்டுக்கு ஒரு முட்டுக் கொடுங்கள். வெட்டு வாய் மூடாமல் இருக்க வேண்டும். எங்கள் மூன்றாவது கதவுக்கு அன்று ஒரு ஸ்டூலைக் கீழே வைத்திருந்தாலும் இந்தக் கதை வேறாக இருந்திருக்கும்.

நான்காவது கதவு ஐந்து மாதம் சுவரில் சாய்ந்தே கிடந்தது. விழா அன்று அந்த அறைக்கு ஒரு சேலையைத் திரையாகக் கட்டினோம். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் கவனிக்கக்கூட இல்லை. அதைத்தான் நான் பெரிய காரியமாக நினைத்திருந்தேன்.

கை தேறியதும் அவனே வந்தான். புது பிளேடு, 40 பல். கதவின் நல்ல பக்கத்தைக் கீழே வைத்தான், கோட்டின் மேல் டேப் ஒட்டினான், தொங்கும் பக்கத்துக்கு முட்டுக் கொடுத்தான். ஆரம்பிக்கும் முன் என்னைப் பார்த்தான். நான் மெஷினைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “சரி” என்றேன். அறுபட்ட விளிம்பில் கருகல் இல்லை. பிறகு விளிம்பைத் தன் கையால் செய்த ஸ்கிரேப்பரால் வழித்தான். அவனுடைய அந்தப் பழைய கிரைண்டரில் இப்போது கார்டு இருக்கிறது. அவனிடம் வேலை கற்கும் இரண்டு பையன்களுக்கும் அதைத் தொட்டுக் காட்டித்தான் பாடம் ஆரம்பிக்கிறான்.

உங்களிடம் கேட்பது இரண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பிளேடையும் வெளிச்சத்தில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

இரண்டாவது, உங்கள் வீட்டில் யாராவது வேலை செய்யும்போது, கார்டு இல்லாத மெஷினையோ, புகைகிற மரத்தையோ பார்த்தால், “பார்த்து தம்பி” என்று சொல்லிவிட்டு உள்ளே போகாதீர்கள். அது அவர் பொறுப்பில் விட்டுவிட்டு நாம் விலகிக்கொள்கிற வார்த்தை. “நிறுத்துங்க. பிளேடு வாங்கிட்டு வரட்டும், நேரமானா பரவாயில்ல” என்று சொல்லுங்கள். வேலை செய்கிறவருக்கு நேரம் கொடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சார்